ஒரே சரிவு, ஒரே ஒயின்: ஷாத்தோ-கிரியேயும் கூலே த செரானும்

பிரான்சில் உணவைப் பற்றி எழுதியவர்களில் கியூர்னொன்ஸ்கியின் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. இயற்பெயர் மோரிஸ் எத்மோன் சையான். 1872இல் ஆன்ஜே நகரில் பிறந்தவர். 1927இல் 'சுவைஞர்களின் இளவரசர்' என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர். தம் நாட்டின் தலைசிறந்த வெள்ளை ஒயின்கள் என்று அவர் ஐந்தைச் சொன்னார். பர்கண்டியின் மோன்ராஷே, போர்தோ பக்கத்து ஷாத்தோ இக்கெம், ஜுரா மலைப்பகுதியின் ஷாத்தோ-ஷலோன், ரோன் நதிக்கரையின் ஷாத்தோ-கிரியே, லுவார் நதிக்கரையின் கூலே த செரான்.

முதல் இரண்டின் புகழ் உலகறிந்தது. இந்தக் கட்டுரைக்கு நான் கடைசி இரண்டை எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. ஐந்தில் இவை இரண்டில் மட்டுமே ஒரே சரிவு, ஒரே உரிமையாளர், அந்தச் சரிவுக்கென்றே சட்டம் ஒதுக்கிய தனிப்பெயர் ஆகிய மூன்றும் ஒன்றாக அமைந்திருக்கின்றன. மோன்ராஷேயைப் பலர் பங்கிட்டு வைத்திருக்கிறார்கள். ஷாத்தோ-ஷலோன் பல குடும்பங்கள் உழும் ஊர். இக்கெம் ஒருவர் சொத்துதான், ஆனால் சொத்தேர்ன் என்ற வட்டாரப் பெயரின் கீழ் வருவது. நாம் புவிசார் குறியீடு என்று சொல்லும் பாதுகாப்பின் பிரெஞ்சு முன்னோடி 1930களில் உருவானபோது, 1936லேயே ஷாத்தோ-கிரியேக்குத் தனிப்பெயர் கிடைத்துவிட்டது. கூலே த செரான் நெடுங்காலம் சவென்னியேர் என்ற ஊர்ப்பெயரோடு ஒட்டி வந்து, 2011இல் தனியே நின்றது.

ஒரு தோட்டத்து ஒயினைப் பாராட்டுகிறவர்கள் பெரும்பாலும் மண்ணைத்தான் புகழ்கிறார்கள். கருங்கல் பேசுகிறது, சுண்ணாம்பு பேசுகிறது என்பார்கள். பாறையின் சுவை வேர் வழியாக ஏறி அப்படியே கிண்ணத்துக்கு வருவதில்லை. மண் செய்வது வேறு வேலை. நீரை எவ்வளவு தேக்குகிறது, வேரை எவ்வளவு ஆழம் போகச் செய்கிறது, சூட்டை எவ்வளவு நேரம் பிடித்து வைக்கிறது என்பவற்றால் அது பழம் பழுக்கும் வேகத்தை ஆள்கிறது. ஆகவே நல்ல தோட்டம் என்பது அதில் வளரும் திராட்சையின் இயல்பான குறையை ஈடுகட்டும் தோட்டம். இந்த இரு சரிவுகளையும் அருகருகே வைத்தால் இது துலக்கமாகத் தெரிகிறது. ஒன்றில் அளவுமீறித் ததும்பும் திராட்சையை நிலம் அடக்குகிறது. மற்றதில் இறுகிக் கிடக்கும் திராட்சையை நிலமும் உழவரும் சேர்ந்து திறக்கிறார்கள்.

ஷாத்தோ-கிரியே லியோனுக்குத் தெற்கே, வியென் நகரைத் தாண்டி, ரோன் நதியின் மேற்குக் கரையில் இருக்கிறது. மொத்தப் பரப்பு சுமார் 3.5 ஹெக்டேர், அதாவது எட்டரை ஏக்கர். சுற்றிலும் கோந்த்ரியூ என்ற இன்னொரு புகழ்பெற்ற ஒயின் வட்டாரம். அதன் நடுவே இது ஒரு தீவு. மலை இந்த இடத்தில் பிறைபோல் வளைந்து தெற்கு நோக்கித் திறக்கிறது. வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று உள்ளே நுழைவதில்லை. வெயில் பிறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. சரிவு செங்குத்து, அதனால் சாந்தில்லாமல் கல் அடுக்கிக் கட்டிய சுவர்கள் படிப்படியாக ஏறுகின்றன. சில படிகளில் இரண்டு மூன்று வரிசைக் கொடிகளுக்குத்தான் இடம். மண் என்று சொல்வதே மிகை. உதிர்ந்த கருங்கல்லும் அதில் மின்னும் அப்பிரகத் துகளுமாக, கையில் அள்ளினால் மணலாய் வழியும். ஒவ்வொரு கொடிக்கும் ஒரு கழி நட்டுக் கட்டுகிறார்கள். எந்திரம் ஏறாது. மழைக்குச் சுவர் சரிந்தால் கையால்தான் திரும்ப அடுக்கவேண்டும்.

இங்கே வளர்வது வியோன்யே என்ற திராட்சை மட்டும். இது மணத்தால் மயக்குவது. ஆப்ரிகாட், வெள்ளைப் பீச், வயலட் பூ என்று மூக்கை நிறைக்கும். ஆனால் புளிப்பு குறைவு. ஒயினில் புளிப்புக்கு என்ன வேலை என்று கேட்டால், கச்சேரியில் சுருதிக்கு உள்ள வேலை என்பேன். அது கலைந்தால் மற்ற எல்லா அழகும் தரையில்லாமல் மிதக்கும். சாதாரண வியோன்யே ஒயின்களின் நோய் இதுதான். முதல் மடக்கில் பிரமிப்பு, மூன்றாம் மடக்கில் திகட்டல். அதோடு இந்தப் பழம் அறுவடையில் ஏமாற்றும். சர்க்கரை விரைந்து ஏறும், மணம் கடைசி நாட்களில்தான் வரும், அதற்குள் புளிப்பு இறங்கிவிடும். இரண்டும் சந்திக்கும் இடைவெளி சில நாட்களே.

கிரியேயின் சரிவு இங்கேதான் உதவுகிறது. சத்தில்லாத கருங்கல் மணலில் கொடி அளவாகவே காய்க்கிறது. பழத்தில் சாறு செறிவாகிறது. மணம் கோந்த்ரியூ அளவுக்கு வெளியே கொட்டாமல் உள்ளடங்கி நிற்கிறது. பொதுவாக வியோன்யேயை இரண்டு மூன்று ஆண்டுகளில் குடித்துவிடு என்பார்கள். கிரியேயின் நல்ல ஆண்டு பத்து, பதினைந்து ஆண்டு தாங்கும். அண்டைத் தோட்டத்திலும் அதே திராட்சை, ஏறத்தாழ அதே கருங்கல். இருந்தும் இந்த வேறுபாடு வருகிறது என்றால், பிறைவடிவான அந்த மடிப்பின் தனித்தன்மைக்கு இதைவிடச் சான்று எனக்குத் தேவையில்லை.

இனி லுவார் கரைக்கு வருவோம். ஆன்ஜேக்குத் தென்மேற்கே சவென்னியேர் கிராமம். அங்கே நதியைப் பார்த்துச் சரியும் 7 ஹெக்டேர் நிலம் கூலே த செரான். 1130இல் சிஸ்டர்சியன் துறவிகள் கொடி நட்ட இடம் இது. அவர்களுடைய பழைய மடம் இன்றும் நிற்கிறது. பக்கத்துக் கோட்டையான ரோஷ்-ஓ-முவானை 1214இல் இங்கிலாந்து மன்னர் ஜான் முற்றுகையிட்டார். பிரெஞ்சு இளவரசர் லூயி படையோடு வருகிறார் என்றதும் ஜூலை 2ஆம் தேதி முற்றுகையை விட்டுப் பின்வாங்கினார். அதே மாதம் புவீன் போரில் அவருடைய கூட்டணியும் தோற்றது. அடுத்த ஆண்டு அவர் தம் பிரபுக்களுக்குப் பணிந்து மாக்னா கார்ட்டாவில் முத்திரையிட்டதற்கு இந்தத் தோல்விகளும் காரணம். அப்போதே அந்தச் சரிவில் கொடி நட்டு எண்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

மண் ஏடு ஏடாகப் பிளவுபடும் சிஸ்ட் பாறை. மேல்மண் மெல்லிய போர்வைதான். நதியின் ஈரக்காற்று ஒரு பக்கம், பாறையின் சூடு மறுபக்கம். இங்கே வளர்வது ஷெனின். வியோன்யேக்கு எதிர்முனையில் நிற்கும் திராட்சை. புளிப்பு ஏராளம், பழுக்கத் தாமதமாகும், காயாகப் பறித்தால் பல் கூசும். நிறையக் காய்க்கவிட்டால் எந்தச் சுவையும் இல்லாமல் போகும். இன்று பிரான்சைவிடத் தென்னாப்பிரிக்காவில்தான் ஷெனின் அதிகம் பயிராகிறது. அங்கே நெடுங்காலம் மலிவு ஒயினுக்கும் பிராந்திக்கும் அதைப் பயன்படுத்தினார்கள் என்பதே இந்தத் திராட்சை எவ்வளவு எளிதாக வீணாகும் என்பதைக் காட்டும்.

ஷெனின் மதிப்பது பொறுமையை மட்டுமே. கூலே த செரானில் ஒரே நாளில் எல்லாக் குலைகளையும் வெட்டுவதில்லை. வாரக்கணக்கில், ஒரே வரிசைக்குத் திரும்பத் திரும்ப வந்து, முற்றியதை மட்டும் எடுக்கிறார்கள். பச்சை நிறம் முழுதும் போய்ப் பொன்னாகி, சில பழங்களில் போட்ரைட்டிஸ் பூஞ்சை லேசாகப் படியும்வரை காத்திருக்கிறார்கள். இந்தப் பூஞ்சைதான் சொத்தேர்னில் இனிப்பு ஒயினுக்கு உயிர். இங்கே அதே பழத்தை எடுத்து, சர்க்கரை முழுவதும் புளித்துத் தீரவிட்டு, இனிப்பில்லாத ஒயின் செய்கிறார்கள். ஆல்கஹால் 14 விழுக்காட்டை எட்டும், தாண்டவும் செய்யும். வேறு திராட்சையாக இருந்தால் இவ்வளவு பழுத்தபின் கனமும் சூடும்தான் மிஞ்சும். ஷெனினின் புளிப்பு அந்தக் கனத்தைத் தாங்குகிறது.

நிலத்தை விட்டு மனிதர்களுக்கு வந்தால், இரண்டின் கதையும் இன்னும் விலகிப்போகிறது. கிரியேயை 1827 முதல் நெய்ரே-காஷே குடும்பத்து வழியினர் வைத்திருந்தார்கள். பிலாக்ஸெரா பூச்சி கொடிகளை அழித்த காலம், முதல் உலகப்போர், ஆலை வேலைக்காக இளைஞர்கள் மலையை விட்டு இறங்கிய காலம் என எல்லாவற்றையும் அந்தப் படிக்கட்டு வயல்கள் கண்டன. 1960களில் வியோன்யே அநேகமாக அழிந்தே போயிற்று. கோந்த்ரியூவில் ஒருசில ஹெக்டேர்தான் மிஞ்சியது. ஜோர்ஜ் வெர்னே போன்ற அவ்வூர் உழவர்கள் பிடிவாதமாக நின்றதால்தான் அந்த வட்டாரம் மீண்டது. அந்த இருண்ட ஆண்டுகளிலும் கிரியேயின் குடும்பம் கொடிகளைப் பிடுங்கவில்லை. இன்று லாங்தொக்கிலும் கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வியோன்யே விளைகிறது. அந்தப் பெருக்கத்தைப் பார்க்கும்போது, லாபமில்லாத காலத்தில் அந்தச் சிறு சரிவைக் காத்தவர்களுக்கு ஒயின் உலகம் பட்டிருக்கும் கடன் பெரிது என்று தோன்றுகிறது.

காத்தவர்களிடம் குறையும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளில் கிரியே தன் பெயருக்கு ஏற்ப இல்லை என்று விமர்சகர்கள் வெளிப்படையாகவே எழுதினார்கள். பழம் முற்றுமுன் பறிக்கிறார்கள், மரப்பீப்பாயில் அளவுக்கு மேல் வைக்கிறார்கள் என்பவை குற்றச்சாட்டுகள். 2011இல் போர்தோவின் ஷாத்தோ லத்தூர் ஒயின் தோட்டத்தின் உரிமையாளர் பிரான்சுவா பினோ கிரியேயை வாங்கினார். அதன்பின் சரிவின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே பறித்துத் தனித்தனியே புளிக்கவைத்து, தேறாததைப் பெரிய பெயரில் விற்காமல் ஒதுக்குகிறார்கள். அப்படி ஒதுக்கியது கோத் து ரோன் என்ற எளிய பெயரில் தனிப் பாட்டிலாக வருகிறது. எட்டரை ஏக்கரிலும் ஒரு பங்கைக் கழிப்பது பெருஞ்செலவு. பணம் உள்ளவர் கையில் வந்ததால் நடந்தது இது. ஒயின் நேராயிற்று, விலை எட்டாத உயரம் போயிற்று.

கூலே த செரானின் மனிதர் நிக்கொலா ஜொலி. அவருடைய பெற்றோர் 1962இல் இந்தத் தோட்டத்தை வாங்கினார்கள். அவர் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்து, வங்கி வேலை பார்த்து, 1970களின் பின்பாதியில் அதை உதறிவிட்டு வீடு திரும்பினார். வந்த புதிதில் நிபுணர்களின் ஆலோசனைப்படி களைக்கொல்லி அடித்ததையும், இரண்டே ஆண்டில் மண்ணின் நிறம் மாறிப் பூச்சிகளும் பறவைகளும் போய்விட்டதையும் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். பிறகு சிந்தனையாளர் ருடால்ஃப் ஸ்டைனர் 1924இல் ஆற்றிய வேளாண்மைச் சொற்பொழிவுகள் அவர் பாதையை மாற்றின. 1980களின் நடுவில் தோட்டம் முழுவதும் பயோடைனமிக் முறைக்கு மாறியது. பசுவின் கொம்பில் சாணம் நிரப்பிக் குளிர்காலம் முழுதும் மண்ணில் புதைத்து, எடுத்து, நீரில் கலக்கித் தெளிப்பது. நிலவின் போக்கைப் பார்த்து வேலை செய்வது. செங்குத்தான இடங்களில் குதிரை கட்டி உழுவது என்று அது விரிகிறது. இன்று அவருடைய மகள் விர்ஜினி ஜொலி பொறுப்பில் இருக்கிறார்.

கொம்புச் சாணத்துக்குத் தனி ஆற்றல் உண்டு என்பதற்கு அறிவியலில் உறுதியான ஆதாரம் இல்லை. இதைச் சொல்லிவிட்டே மற்றதைச் சொல்லவேண்டும். விஷம் தெளிப்பதை நிறுத்தியதும், வரிசை வரிசையாகக் கொடியைப் பார்த்து நடந்ததும், மகசூலைக் குறைத்ததும் மெய்யான வேலைகள். அவற்றின் பலன் கிண்ணத்தில் இருக்கிறது. பிற்காலத்தில் உலகின் எத்தனையோ பெரிய தோட்டங்கள் இரசாயனத்தைக் கைவிட்டதற்கு ஜொலியின் எழுத்தும் பேச்சும் ஒரு தூண்டுதல்.

நிலவறையிலும் இருவரும் எதிரெதிர். கிரியேயில் இன்று ஓக் பீப்பாயின் பங்கை அளந்து வைத்து, பழத்தின் நயம் கெடாமல் காப்பதே குறி. ஜொலி வீட்டில் பழைய பீப்பாய், பழத்தோல் மேல் தானாக இருக்கும் ஈஸ்ட், குளிரூட்டி நிறுத்தாத நொதிப்பு. நடப்பது நடக்கட்டும் என்று விடுகிறார்கள். அதனால் ஆண்டுக்கு ஆண்டு ஒயின் மாறுகிறது. சில ஆண்டுகளில் ஒரே ஆண்டின் பாட்டிலுக்கும் பாட்டிலுக்குமே வேறுபாடு தெரிகிறது. காற்று பட்டுக் கெட்டுவிட்டது என்று விமர்சகர்கள் தள்ளிய ஆண்டுகளும் உண்டு. அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை.

கிண்ணத்தில் கிரியே வெளிறிய பொன் நிறம், ஓரத்தில் ஒரு பச்சைச் சாயல். முகர்ந்தால் முதலில் ஏமாற்றம்போல் இருக்கும், வியோன்யேக்கு உரிய அந்த அலை அடிப்பதில்லை. வெள்ளைப் பூ, பேரிக்காய்த் தோல். பத்து நிமிடம் கழித்து ஆப்ரிகாட் வருகிறது, கொட்டையோடு சேர்ந்த கசப்பு மணத்தோடு. பிறகு வயலட். வாயில் கனத்து, வழவழப்பாகப் பரவுகிறது. இந்த இடத்தில் கவனம் வேண்டும். விழுங்கியபின் நாக்கின் பின்பக்கத்தில் மெல்லிய கசப்பு ஒன்று எழுந்து, அந்த வழவழப்பை அறுத்துச் சுத்தம் செய்கிறது. புளிப்பு செய்யவேண்டிய வேலையைக் கிரியேயில் கசப்பு செய்கிறது. கிரியேயை மணத்துக்காகப் பாராட்டுகிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். அதன் பெருமை அந்தக் கசப்பில் இருக்கிறது.

கூலே த செரானை அவசரமாகக் குடிக்கிறவர்களுக்கு அது ஒன்றும் தராது. நிறம் ஆழ்ந்த பொன். திறந்தவுடன் மெழுகு, வாடிய ஆப்பிள், நனைந்த கம்பளி. பலர் இங்கேயே கிண்ணத்தைக் கீழே வைத்துவிடுவார்கள். ஒருநாள் முன்னதாகத் திறந்து வையுங்கள், 14 டிகிரி அளவில் பரிமாறுங்கள் என்று தோட்டத்தாரே சொல்வது இதனால்தான். மறுநாள் சீமை மாதுளை, தேன், சாமந்தி இனத்துக் கமோமில், காய்ந்த ஆரஞ்சுத் தோல் என்று ஒவ்வொன்றாக விரியும். முகரும்போது இனிப்பை எதிர்பார்க்கிறோம். வாயில் இனிப்பே இல்லை. தேன் மணத்தோடு உப்புக்கரிக்கும் ஓர் உலர்ந்த முடிவு. இந்த முரண் மூளையைத் திகைக்கவைக்கிறது; இன்னொரு மடக்கு கேட்கிறது. வேறு வெள்ளை ஒயின் தளர்ந்துபோகும் மூன்றாம் நாளில் இது இன்னும் நிமிர்ந்து நிற்கும்.

உணவோடு என்றால் இரண்டுக்கும் அதனதன் நதி இருக்கிறது. கிரியேக்கு மென்மையான மீனும் நண்டும், அல்லது அந்த ஊரிலேயே செய்யும் ரிகோத் த கோந்த்ரியூ என்ற சிறு ஆட்டுப்பால் சீஸும். கூலே த செரானுக்கு லுவார் கரையின் பெயர்போன வெண்ணெய்ச் சாற்றில் நதிமீன், பொன்னிறமாக வறுத்த கோழி, முற்றிய சீஸ். இரண்டையும் பனிக்கட்டியில் புதைத்துக் குளிரவைப்பது பாவம். மணம் முழுதும் செத்துவிடும்.

கியூர்னொன்ஸ்கி ஆன்ஜேக்காரர்; கூலே த செரானை ஐந்தில் சேர்த்ததில் சொந்த ஊர்ப் பாசமும் இருந்திருக்கலாம் என்று நினைக்க இடமுண்டு. ஆனாலும் என் தீர்ப்பும் அந்தப் பக்கமே. பிழையின்மையை அளவுகோலாக வைத்தால் இன்றைய கிரியே வெல்லும். 2011க்குப் பிந்தைய பாட்டில் ஒன்று கைகொடுக்காமல் போவது அரிது. கூலே த செரான் சில ஆண்டுகளில் கைவிடும். ஆனால் தேறிய ஆண்டில் அது காட்டும் ஆழமும், நாள்கணக்கில் மாறிக்கொண்டே வரும் முகமும் கிரியேயிடம் இல்லை. கிரியே நிலம் திராட்சைக்கு இட்ட அளவு. கூலே த செரானில் நிலமும் திராட்சையும் உழவரின் பிடிவாதமும் மூன்றும் தெரிகின்றன. விலையும் இதற்குத் துணைநிற்கிறது. கிரியே ஆண்டுக்குப் பத்தாயிரம் பாட்டிலுக்கும் குறைவு, விலை கூலே த செரானைப்போல் சில மடங்கு. அந்தக் கூடுதல் பணத்தில் பெரும்பங்கு அரிதென்பதற்கான விலை.

இவ்விரண்டும் கைக்கு எட்டாதவர்கள் திராட்சைகளை அறிமுகம் செய்துகொள்ள ஐரோப்பாவரை போகவேண்டாம். நாசிக் பகுதியில் ஷெனின் பரவலாகப் பயிராகிறது. பெங்களூருக்கு அருகே நந்தி மலை அடிவாரத்து ஒயின் நிறுவனம் ஒன்று வியோன்யே போடுகிறது. அவற்றை அருகருகே வைத்துப் புளிப்பின் வேறுபாட்டை நாக்கில் பதித்துக்கொள்ளுங்கள். அடுத்த படி கோந்த்ரியூ ஒன்று, சாதாரண சவென்னியேர் ஒன்று. அதற்குப் பிறகு கூலே த செரான் கிடைத்தால் முந்தின நாளே திறந்து வையுங்கள். பெரிய கிண்ணத்தில் கொஞ்சமாக ஊற்றுங்கள். மிச்சத்தை மறுநாளைக்கும் வையுங்கள்.